ஆட்சேபணைக்குரிய நிலம்: சென்னை நகரமைப்பும் விலக்கின் அரசியலும்

1

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். கூவம் கரையிலிருந்த ஒரு குடியிருப்பில் வீட்டுச் சுவர்களில் பெயின்ட்டால் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கூடவே ஒரு நோட்டீஸ். தோழர்கள் சிலர் கூப்பிட்டதால் போயிருந்தேன். மனு எழுத ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்த மூதாட்டி ஒருவர் நோட்டீஸை என் கையில் திணித்தார். "தம்பி, நீ தமிழ்ல எம்.ஏ. படிச்சிருக்கியாமே. இது தமிழ்தான? படிச்சி அர்த்தம் சொல்லு" என்றார்.

'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கில் ஆக்கிரமிப்பு' என்று இருந்தது. வாசித்துக் காட்டினேன். "யாருப்பா ஆட்சேபிச்சது?" என்று கேட்டார். "அரசாங்கம்தான் ஆயா." "நாப்பது வருசமா ஓட்டு கேட்டு வந்தாங்கோ, கரண்ட்டு குட்த்தாங்கோ, ரேசன் கார்டு குட்த்தாங்கோ. அப்பல்லாம் ஆட்சேபணை இல்லியா?"

சங்க இலக்கியத்திற்கு உரை சொல்லப் பழகியவனுக்கு இந்த மூன்று சொற்களுக்கு உரை சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது இன்னொன்று தோன்றியது. 'ஆட்சேபணை' என்ற இதே சொல் நம் நகரமைப்புச் சட்டத்தில் இன்னோர் இடத்திலும் வருகிறது. ஒரு நகரத்திற்கு முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், தயாரித்தால் அதை வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாத அவகாசம் கொடுத்து, பொதுமக்களின் ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். ஆக, ஆட்சேபிக்கும் உரிமை காகிதத்தில் மக்களுக்கும் உண்டு. ஆனால் அந்த மூதாட்டி அறிந்த ஆட்சேபணை ஒரு திசையில் மட்டுமே வருவது. மேலிருந்து.

நகரமைப்பு வல்லுநர், நம் பேச்சுவழக்கில் 'பிளானர்', யார் என்று கேட்டால் பாடப்புத்தகம் ஒரு முக்கோணத்தை வரைந்து காட்டும். ஒரு முனையில் அரசு, ஒரு முனையில் தனியார் மூலதனம், ஒரு முனையில் பொதுமக்கள். நடுவே பக்கச்சார்பற்ற நிபுணராகப் பிளானர். சென்னையின் நூறாண்டு நகரமைப்பு வரலாற்றை ஒரு பிரதியாக வாசித்தால் இந்த முக்கோணம் எங்குமே கிடைப்பதில்லை. கிடைப்பது கோடு போடுகிறவர், கோட்டை விலக்குகிறவர் என்கிற இரண்டு பேர்தான். முதலாமவருக்கு அறிவு உண்டு, அதிகாரம் குறைவு. இரண்டாமவருக்கு அதிகாரம் உண்டு, அறிவு தேவையில்லை. பொதுமக்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

2

இந்தக் கதை ஒரு கப்பல் மூழ்கியதில் தொடங்குகிறது. 1914இல் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் பேட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தியா வந்தார். தாவரவியல் படித்தவர், பிறகு நகரங்களைப் படித்தவர். உலக நகரங்களின் வரைபடங்கள், படங்கள், மாதிரிகள் அடங்கிய அவருடைய நகரமைப்புக் கண்காட்சி தனிக் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பலை எம்டன் மூழ்கடித்தது. ஆமாம், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டு, தன் பெயரையே ஒரு தமிழ்ச் சொல்லாக விட்டுப்போன அதே ஜெர்மானியப் போர்க்கப்பல். கெடஸ் மனம் தளரவில்லை. நண்பர்களைக் கொண்டு புதிதாகச் சேகரித்து, 1915 ஜனவரியில் சென்னை செனட் ஹவுஸில் கண்காட்சியை நடத்திவிட்டார். அதே காலத்தில் மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

கெடஸைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கில்லை. அவர் காலனிய அரசின் விருந்தாளி. அதன் செலவில் வந்தவர். ஆனால் அவர் சொன்ன முறையியல் அந்த அரசின் முறையியல் அல்ல. அன்றைய பொறியாளர்களுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் பழைய தெரு என்றால் நோய். மருந்து இடிப்பது, நேர்கோட்டில் அகலச் சாலை போடுவது. கெடஸ் தஞ்சாவூர் போன்ற ஊர்களின் சந்துகளில் நடந்து பார்த்துவிட்டு வேறொன்று சொன்னார். முதலில் ஊரை அறியுங்கள், பிறகு திட்டம் போடுங்கள். முழுத் தெருவை இடிக்காமல், இடிந்துகிடக்கும் ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்து வெளி உண்டாக்குங்கள். உடலைக் காப்பாற்றத்தானே அறுவை சிகிச்சை? குடியிருப்பவர்களைக் கும்பலாக அப்புறப்படுத்தினால் நெரிசல் தீராது, இன்னொரு மோசமான நெரிசலுக்கு இடம்மாறும், அவ்வளவுதான் என்றும் எச்சரித்தார். கொசுவுக்குப் பயந்து குளங்களை மூடுவதையும் அவர் எதிர்த்தார்.

1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. துறையை எடுத்துக்கொண்டார்கள், சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நடந்து பார்க்கும் கால்களை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

3

அந்தச் சட்டத்தின் காலத்தில் நகரம் கண்ட பெரிய விரிவு மாம்பலம். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம்வரை நகரத்தின் மேற்கு எல்லையாகக் கிடந்தது 'நீண்ட ஏரி'. 1920களில் அதன் ஒரு பகுதியை வற்றடித்து, மனை பிரித்து உருவாக்கியதுதான் தியாகராய நகர். நீதிக்கட்சிக் காலம். ஆகவே பிட்டி தியாகராயரின் பெயர் ஊருக்கு. பனகல் அரசர் பூங்காவுக்கு. உஸ்மானும் டி.எம். நாயரும் சாலைகளுக்கு. பிராமணரல்லாதார் இயக்கத்தின் நினைவுச்சின்னமாக ஒரு வரைபடம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை; தெருப்பெயரும் ஓர் அரசியல் வெற்றிதான். ஆனால் எந்தப் பெயரை வைத்தாலும் அடியில் இருந்தது ஏரி.

மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியும் தூர்ந்தது. அங்கே 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தையே மழைக்குக் கொடுத்த கவிஞனுக்கு ஏரியின் மேல் கோட்டம். காலனிய அரசு, நீதிக்கட்சி, திராவிட இயக்க அரசு என்று ஆட்சிகள் மாறின. ஏரியைக் காலி மனையாகப் பார்க்கும் பார்வை மாறவேயில்லை.

'புறம்போக்கு' என்ற சொல்லை இங்கே நினைத்துக்கொள்வோம். தீர்வைக் கணக்குக்குப் புறம்பான நிலம். மேய்ச்சல், களம், சுடுகாடு, ஏரி எல்லாம் இதில் அடக்கம். எல்லாருக்கும் பொது என்பதால் வரி இல்லை. வருவாய்த் துறையின் கண்ணுக்கோ வரி இல்லாததால் மதிப்பும் இல்லை. மதிப்பில்லாத நிலம் என்ற பொருள் ஏறி ஏறி, கடைசியில் மதிப்பில்லாத மனிதனைத் திட்டும் வசைச்சொல் ஆயிற்று. ஒரு சொல்லுக்குள் நம் நில வரலாறே கிடக்குது.

4

1970களில் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. 1970இல் குடிசை மாற்று வாரியம். 1971இல் நகர் ஊரமைப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் 1974இல் சட்டப்பூர்வ அமைப்பாக ஆன பெருநகர் வளர்ச்சிக் குழுமம். முன்பு எம்.எம்.டி.ஏ., பிறகு சி.எம்.டி.ஏ. பெயரைக் கவனியுங்கள். 'வளர்ச்சி' இருக்கிறது, 'திட்டம்' இல்லை.

'குடிசை மாற்று' என்பதில் 'மாற்று' எதைக் குறித்தது? தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுப்பதைக் குறித்தது. வீடு மாறியது, இடம் மாறவில்லை. மீனவர் கடலைப் பார்த்தபடியே மாடியில் இருந்தார். கட்டடத்தின் தரம் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம். ஆனால் அந்தக் கொள்கையில் ஒரு நியாயம் இருந்தது.

பிறகு உலக வங்கி வந்தது. 1977இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், கட்டிய வீடு வேண்டாம், சேவைகளோடு கூடிய சிறு மனை கொடுங்கள், அவர்களே கட்டிக்கொள்வார்கள் என்றது வங்கி. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அப்படி மனைகள் பிரிக்கப்பட்டன. பயனாளியிடமிருந்து செலவை மீட்க வேண்டும் என்பது வங்கியின் கணக்கு. அதை நாம் இடதுசாரி வகுப்புகளில் சரியாகவே விமர்சித்திருக்கிறோம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துப் பிளானர்கள் ஏழைக்கும் நடுத்தரத்திற்கும் அடுத்தடுத்து மனை வைத்து, தெருவும் குழாயும் பள்ளிக்கு இடமும் விட்டு, நகரத்தை ஒட்டியே ஊர்களை வரைந்தார்கள். ஆமைவேகம், தோல்வி என்று பின்னாளில் வங்கியே கைவிட்ட இந்த முறையை, சென்னையிலும் மும்பையிலும் இருபது ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவை நல்ல குடியிருப்புகளாக வளர்ந்திருப்பதாகச் சொன்னது. பிளானருக்கு வேலை தெரியாது என்பதல்ல என் வாதம். வேலை செய்ய விட்ட இடத்தில் செய்திருக்கிறார். அந்த இடம் எப்படிச் சுருங்கியது என்பதுதான் கேள்வி.

5

பதில் அதே 1971ஆம் ஆண்டுச் சட்டத்திற்குள் இருக்கிறது. பிரிவு 113. எந்த நிலத்தையும், எந்தக் கட்டடத்தையும் இந்தச் சட்டத்தின் எல்லா விதிகளிலிருந்தும் அல்லது ஏதாவதொரு விதியிலிருந்து விலக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது அதன் சாரம். நூற்றுக்கும் மேற்பட்ட பிரிவுகளில் ஒரு நகரத்தைக் கட்டிவிட்டு, ஒரே பிரிவில் அதைக் கழற்றி வைக்கிறது சட்டம். பக்கவாட்டில் இத்தனை அடி விடு, இத்தனை மாடிக்கு மேல் போகாதே, தீயணைப்பு வண்டி வர வழி வை என்று பிளானர் எழுதலாம். கூடாது என்று அவர் கோப்பில் குறிப்பு எழுதினாலும், ஆகட்டும் என்று கோட்டையில் எழுத முடியும். இறைமை யாரிடம் இருக்கிறது என்பது விதியில் தெரியாது, விலக்கில்தான் தெரியும் என்ற கார்ல் ஷ்மிட்டின் கருத்து நாஜிகளுக்குத் துணைபோன ஒருவரின் கருத்து. அதனால் எச்சரிக்கையோடு கையாள வேண்டியது. ஆனாலும் நம் நகரமைப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் விவரித்ததில்லை.

1987 ஜூலைக்கும் 1988 ஜனவரிக்கும் இடைப்பட்ட ஏழு மாதங்களில் மட்டும் இந்தப் பிரிவின் கீழ் 62 விலக்கு உத்தரவுகள் பிறந்தன. எம்.ஜி.ஆர். மறைந்து, ஜானகி அமைச்சரவை வந்துபோன மாதங்கள் அவை. நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2000இல் உச்ச நீதிமன்றம், பிரிவு செல்லும், ஆனால் இந்த உத்தரவுகள் யோசித்துப் போட்டவை அல்ல என்று கண்டித்தது.

அதற்குள் அரசு அடுத்த படிக்குப் போயிருந்தது. ஒவ்வொரு கட்டடத்திற்காக ஒரு உத்தரவு போடுவானேன்? 1998இல் 113-ஏ என்ற புதிய பிரிவு வந்தது. குறிப்பிட்ட நாளுக்கு முன் விதிமீறிக் கட்டிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு 'வரன்முறை' செய்யலாம். ஒரே ஒருமுறை என்பதால் இதையும் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்த 'ஒரே ஒருமுறை'யின் கடைசித் தேதி 2000, 2001, 2002 என்று மூன்று சட்டத்திருத்தங்களில் நகர்ந்துகொண்டே போனது. 2006இல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருப் பகுதிக் கடைகளுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவோடு அவை தற்காலிகமாகத் திறந்தன. அதே ஆண்டில் 113-சி பிறந்தது. 2007 ஜூலை 1 வரை கட்டியதற்கு மறுபடியும் வரன்முறை.

2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்து எரிந்தது. பிறகு கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. கூட்டத்தோடு தூரத்தில் நின்று அந்தப் புகையைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பக்கவாட்டு இடைவெளி என்பது ஏதோ அரசாங்கத்தின் அழகுணர்ச்சி இல்லை, ஓர் உயிர் வெளியே ஓடிவரும் வழி என்பதை அன்றைக்கு ஒவ்வொருவரும் புரிந்துகொண்டிருப்பார்கள்.

6

இப்போது சொற்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். தியாகராய நகரில் விதியை மீறினால் அதன் பெயர் 'விதிமீறல்'. அதற்கு மருந்து 'வரன்முறை'. கூவம் கரையில் மீறினால் பெயர் 'ஆக்கிரமிப்பு'. மருந்து 'அகற்றம்'. முன்னதற்குக் கட்டணம், கெடு நீட்டிப்பு, மேல்முறையீடு எல்லாம் உண்டு. பின்னதற்கு ஒரு லாரி. நோட்டீஸ் வந்த அன்று இந்த வரன்முறை விஷயத்தை மூதாட்டியிடம் சொன்னேன். "எங்களாண்டயும் துட்டு கட்டச் சொன்னா கட்ட மாட்டமா? சீட்டு போட்டாவது கட்டுவோம்" என்றார். அதைவிடக் கூர்மையான சட்ட விமர்சனத்தை நான் படித்ததில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. கடைக்காரர் தன் பட்டா நிலத்தில் மீறுகிறார். இவர்கள் பொது நிலத்தில், அதுவும் தண்ணீர் போகும் வழியில் இருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் சாவதும் இவர்கள்தானே என்று நண்பர்களே கேட்கிறார்கள். சரி, தண்ணீரின் வழியை யார் யார் அடைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர்வரை பறக்கும் ரயில் பக்கிங்காம் கால்வாயின் மேலேயே போகிறது. அதன் தூண்கள் கால்வாய்க்குள் நிற்கின்றன. முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புக்கு இன்றைக்கும் 'ஏரி ஸ்கீம்' என்றே பெயர். பள்ளிக்கரணைக் கழிவெளியை 'வீண்நிலம்' என்று கருதிப் பெருங்குடியில் குப்பை கொட்டியது மாநகராட்சி. 2007இல்தான் அதில் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது; 2022இல்தான் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அரசின் தூணுக்கு ஆட்சேபணை இல்லை.

இதைவிடக் கொடுமை, கரையிலிருந்து அகற்றியவர்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பது. 2000 வாக்கில் தொடங்கிய கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல். வேலை செய்த தெருவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால். வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அழைத்துப்போன செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் கழிவெளியைச் சார்ந்த தாழ்நிலங்கள். 2015இல் அங்கேயும் தண்ணீர் நின்றது. நெரிசல் தீராது, இடம்தான் மாறும் என்று 1915இல் ஓர் அந்நியர் எழுதிய எச்சரிக்கையை நூறாவது ஆண்டில் நாம் கான்கிரீட்டில் நிரூபித்தோம். இப்படி அகற்றப்பட்டவர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்று கேட்கத் தொடங்கினால், ஊரும் சேரியும் என்ற பழைய வரைபடம் புதிய மாஸ்டர் பிளானுக்கு அடியிலிருந்து மேலே வரும். 'குடிசை மாற்று' என்பதில் மாறியது இப்போது குடிசை அல்ல, மனிதர்கள். 2021இல் வாரியத்தின் பெயரும் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாடு' என்று மாறிவிட்டது.

முறைசாராக் குடியிருப்பு என்பது திட்டத்திற்கு வெளியே தானாக முளைப்பதல்ல, எது முறை எது முறையில்லை என்று தீர்மானிக்கும் அதிகாரமே இந்தியாவில் திட்டமிடல் என்கிறார் அனன்யா ராய். சென்னையைப் பொறுத்தவரை அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

7

ஓய்வுபெற்ற நகரமைப்பு அலுவலர் ஒருவரிடம் இதையெல்லாம் ஒருமுறை கோபமாகக் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், படத்துல பச்சை அடிக்கிறது நாங்க. அதை மஞ்சளா மாத்தறது நாங்க இல்ல. நில உபயோக மாற்றம்னு ஒரு ஃபைல் வரும். வேணாம்னு எழுதுவோம். மறுபடி வரும். மூணாவது தடவை வரும்போது எழுதறவன் வேற ஆளா இருப்பான்." பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதினவங்களும் எங்களுக்குள்ள இருந்தாங்க, இல்லேன்னு சொல்லல" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்திற்காக அவரை மதிக்கிறேன். பிளானரை வில்லனாக்கிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். ஆனால் அவருடைய நடுநிலை என்பது என்ன? விதிவிலக்கின் பயன் ஒரு பக்கத்திற்கே போய்க்கொண்டிருக்கும் அமைப்பில், நான் கோடு மட்டும்தான் போட்டேன் என்று சொல்வது ஒரு பக்கம் நிற்பதுதான். 2019 கட்டட விதிகள் வழக்கமான தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2ஆக உயர்த்தின. நேற்று மீறலாக இருந்தது இன்று விதி. நேற்றைய வசிப்பிடம் இன்று ஆக்கிரமிப்பு. இந்த இரண்டு நகர்வுகளுக்கும் நிபுணத்துவத்தின் கையெழுத்து தேவைப்படுகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். 'நகரத்திற்கான உரிமை' என்று 1968இல் ஆன்ரி லெஃபெவ்ர் எழுதியதை எத்தனையோ கூட்டங்களில் நாம் மேற்கோள் காட்டியிருக்கிறோம். அந்த உரிமை நகரத்தில் ஒரு மூலையில் இருந்துகொள்ளும் உரிமை மட்டுமல்ல, நகரத்தை உருவாக்கும் உரிமை. அப்படியானால் 2008இல் வந்த இரண்டாம் மாஸ்டர் பிளானை நம்மில் எத்தனை பேர் வாசித்தோம்? நாவலுக்குப் பத்துப் பக்க விமர்சனம் எழுதுகிறோம். ஒரு கோடிப் பேரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பிரதியை நிபுணர்களின் விஷயம் என்று விட்டுவிடுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த நோட்டீஸ் கையில் வரும்வரை 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு' என்ற தொடர் எனக்குத் தெரியாது.

2022இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரிக்கப்பட்டது. அந்தக் கோட்டுக்குள் எத்தனையோ ஏரிகள், மேய்ச்சல் நிலங்கள், சேரிகள் புதிதாக வந்திருக்கின்றன. அங்கெல்லாம் யாராவது பச்சையும் மஞ்சளும் அடிப்பார்கள். வரைவு வெளியாகும், கெடு அறிவிப்பார்கள். அந்தக் கெடுவுக்குள் ஒவ்வோர் ஊரிலும் வரைபடத்தைத் தரையில் விரித்து, இது உங்கள் ஏரி, இது உங்கள் தெரு என்று தமிழில் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். தமிழ் படித்தவர்களுக்கு வேலையில்லை என்று யார் சொன்னது?

மூதாட்டிக்காக நாங்கள் எழுதிய மனுவுக்குப் பதில் வரவில்லை. அவர் இப்போது பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் இருக்கிறார். போன தடவை போனபோது லிஃப்ட் ஓடவில்லை, ஏறித்தான் போனேன். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் தேங்கிய வெளியைக் காட்டி, "இது யாரு நெலம் தம்பி, இதுக்கும் ஆட்சேபணை கீதா?" என்று கேட்டார்.